"இதையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மேனேஜர் சொன்னால்

கேள்வி இதுதான்: டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாதாமாதம் அவர் தயாரித்து வந்த விற்பனை ரிப்போர்ட்டை, "இதையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மேனேஜர் உங்கள் தலையில் கட்டிவிட்டார். உங்கள் சொந்த வேலைக்கே நேரம் போதவில்லை. மாட்டேன் என்றால் கெட்ட பெயர், சரி என்றால் உடம்பு தாங்காது. என்ன பதில் சொல்வது?

வேலை கொடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளும் இடத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும், முடியாது என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய வேலை உள்ளே வந்தால் பழையதில் எது தள்ளிப்போகும் என்பதை மேனேஜருக்குத் தெரியும்படி எடுத்து வைப்பது உங்கள் பங்கு. எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்வது அவர் பங்கு, அதற்குத்தான் அவர் அந்தப் பதவியில் இருக்கிறார். அந்த முடிவையும் நீங்களே மனசுக்குள் எடுத்துக்கொண்டு, ராத்திரி எல்லாம் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது.

முதலில், கேட்ட இடத்திலேயே பதில் சொல்லாதீர்கள். "சரி சார், என்ன வேலைன்னு முழுசா பார்த்துட்டு மதியத்துக்குள்ள சொல்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதைத் தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் எல்லோருமே மோசம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டு எழுதினார்கள். 1994இல் ரோஜர் ப்யூலர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55க்கு மேல். எல்லாம் கெட்டுப்போகும் என்று நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை என்றால், நடந்துபோகிற வழியில் "முடிச்சிடலாம் சார்" என்று சொல்லும் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கும்?

அந்த அரை நாளில் செய்ய வேண்டியது, வேலை என்னவென்று தோண்டிப் பார்ப்பது. 'ரிப்போர்ட்' என்பது ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. உள்ளே போனால்தான் தெரியும்: மூன்று துறைகளிலிருந்து எக்ஸல் ஃபைல் வர வேண்டும், அதில் ஒன்று எப்போதும் தாமதம், இன்னொன்றில் தேதி வேறு வடிவத்தில் இருக்கும், அதையெல்லாம் கையால் சரிசெய்ய வேண்டும். போனவர் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அது பழகிப்போயிருக்கும். அவர் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருந்தால், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கும் ஹேண்ட்ஓவரைவிட அது மேல். போயே போய்விட்டார் என்றால், கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டையும் அவர் அனுப்பிய மெயில்களையும் எடுத்துப் பாருங்கள். யாரை எத்தனை முறை நினைவுபடுத்தியிருக்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மேனேஜரிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். இது எந்தத் தேதிக்குள் வேண்டும்? யார் படிக்கிறார்கள்? அதில் எந்தப் பக்கத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள்? இந்த ஒரு மாதத்துக்கு மட்டுமா, இனி எப்போதுமா? யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். 12 பக்க ரிப்போர்ட்டில் 2 பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், மீதி 10 பக்கம் என்றைக்கோ யாரோ கேட்டதற்காக இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பது இந்தக் கேள்வியில்தான் வெளிப்படும். அப்படி வெளிப்பட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

இன்னொன்று, நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது: அதிகாரமும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். கணக்கு அனுப்பாத துறையிடம் நேரடியாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? எண் தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பலாமா? பொறுப்பு மட்டும் வந்து அதிகாரம் வராவிட்டால், தாமதம் யாருடையதாக இருந்தாலும் திட்டு உங்களுக்குத்தான். "இனிமே இந்த ரிப்போர்ட் இவங்க பொறுப்பு, இவங்க கேக்கறதை ரெண்டு நாள்ல கொடுத்துடுங்க" என்று மேனேஜர் மூன்று துறைக்கும் ஒரு மெயில் போட்டால் போதும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதை எழுத அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும், உங்களுக்கு மாதம் பல மணி நேரம் மிச்சமாகும்.

அடுத்தது, உங்களிடம் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதுவது. பெரும்பாலான மேனேஜர்களுக்கு உங்கள் மேஜையில் இருப்பது முழுதாகத் தெரியாது. முடிந்து வெளியே வருவதைத்தான் அவர் பார்க்கிறார். தவிர, போகிறபோக்கில் அவரே கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை அவர் என்றைக்கோ மறந்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பத்துப் பேருக்கு வேலை பிரிக்கிறவர் நிலை அப்படி.

ஒரு உதாரணத்துக்கு, உங்கள் வாரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் சரிபார்ப்பு 14 மணி நேரம், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் 10, புதிய மென்பொருள் சோதனை 6, மீட்டிங் 5, மெயிலும் போனும் 5. மொத்தம் 40. மெயிலையும் மீட்டிங்கையும் விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் நிறைய; 30 மணி நேரம்தானே இருக்கிறது, 10 மணி நேரம் சும்மா இருக்கிறாரே என்று படிக்கிறவருக்குத் தோன்றிவிடும். இப்போது ரிப்போர்ட்டுக்கு மாதம் 16 மணி நேரம். நான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 4 மணி நேரம்தானே என்று மேனேஜர் சொல்லக்கூடும். ஆனால் ரிப்போர்ட் மாதத்தின் முதல் வாரத்தில்தான் மொத்தமாக விழும், ஏனென்றால் முந்தைய மாதக் கணக்கு அப்போதுதான் முடியும். அந்த ஒரு வாரம் 56 மணி நேரம். சராசரியில் ஒளிந்திருப்பது இந்த வாரம்தான், தாளில் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

வரிசையில் காத்திருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரிசைக் கோட்பாட்டில் ஒரு எளிய விதி இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் அதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார். கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உங்களிடம் சராசரியாக எத்தனை வாரம் தங்கும் என்று கிடைக்கும். வாரத்துக்கு 5 வேலை முடிக்கிறீர்கள், கையில் 10 இருக்கிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 வாரம். கையில் 15 ஆனால் 3 வாரம். நீங்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை, ஆனாலும் ஒவ்வொருவரும் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனதற்குக் காரணம், இதில் உங்கள் களைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றால் சில மேனேஜர்கள் "எனக்கும்தான்" என்பார்கள். "புகார் கொடுத்தவங்க இன்னும் ஒரு வாரம் காத்திருப்பாங்க, பரவாயில்லையா?" என்றால் அப்படிச் சொல்ல முடியாது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, பேச்சு எப்படிப் போகலாம் என்று பார்ப்போம். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நாலு பேர் நடுவில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள்.

"சார், ரிப்போர்ட் விஷயமா பத்து நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"ரிப்போர்ட்டை நான் எடுத்துக்கறேன் சார். முதல் வாரத்துல 16 மணி நேரம் ஆகும். அந்த வாரம் என்கிட்ட இருக்கிற வேலை இது. மென்பொருள் சோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, புகார்களை அந்த ஒரு வாரம் மட்டும் வேற யாராவது பார்த்துக்கிட்டா, 5ஆம் தேதி ரிப்போர்ட் உங்க கைக்கு வந்துடும்."

"சோதனையைத் தள்ள முடியாதுப்பா. மேல இருந்து கேட்டுட்டே இருக்காங்க."

"அப்போ ரிப்போர்ட்டை 8ஆம் தேதி கொடுக்கலாமா? இல்லேன்னா முக்கியமான ரெண்டு பக்கத்தை மட்டும் 5ஆம் தேதியும் மீதியை அடுத்த வாரமும் கொடுக்கறேன். உங்களுக்கு எது வசதி?"

மறுப்பு என்று எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். ஆனால் 56 மணி நேரத்தை அப்படியே விழுங்கவும் இல்லை. முதல் யோசனை ஒத்துவராதபோது அவர் தேர்ந்தெடுக்க இரண்டு வழி இருக்கிறது, இரண்டுமே உங்களால் செய்யக்கூடியவை. செய்ய முடியாத ஒரு வழியைப் பேரத்துக்காகக்கூட முன்வைக்காதீர்கள், அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

சில மேனேஜர்கள் "எல்லாமே முக்கியம்தான், எல்லாத்தையும் முடிங்க" என்பார்கள். இதற்கு வாதம் செய்து பலனில்லை. நீங்களே ஒரு வரிசை போட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்: "முதலில் பில் சரிபார்ப்பு, அடுத்து ரிப்போர்ட், அடுத்து புகார்கள், கடைசியாகச் சோதனை என்ற வரிசையில் எடுக்கிறேன். மாற்ற வேண்டுமென்றால் புதன் மதியத்துக்குள் சொல்லுங்கள்." எல்லாமே முக்கியம் என்று சொன்னவர்கூட, எழுதப்பட்ட வரிசையைப் பார்த்ததும் "சோதனையைக் கொஞ்சம் மேல கொண்டு வாங்க" என்பார். வெறும் தாளில் எழுதச் சொன்னால் தயங்குகிறவர்களுக்கு, எழுதியதைத் திருத்துவது சுலபமாக வரும். பதிலே வராவிட்டால் உங்கள் வரிசைப்படி போங்கள். பிறகு ஏன் சோதனை முடியவில்லை என்று கேட்டால் காட்டுவதற்கு மெயில் இருக்கிறது.

கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்து முடித்துவிடலாமே என்று உங்களுக்கே தோன்றலாம். ஒரு வாரம், ஒரு நெருக்கடி என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கூட வேலை செய்கிறவர்களுக்கு அந்தளவு கைகொடுக்காமல் எந்த இடமும் ஓடாது. அதுவே வழக்கமாகிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட முதல் ஒப்பந்தமே தொழிற்சாலைகளில் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பற்றியதுதான். உடம்பு தாங்காது என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சாக்கு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

உடம்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ராத்திரி உட்கார்ந்து சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்தால், அந்த வேலைக்கு நேரமே ஆகாது என்றுதான் மேனேஜருக்குப் பதிவாகும். அடுத்த வேலையும் உங்களிடமே வரும். ஆள் எடுக்க மேலிடத்தில் அனுமதி கேட்க அவரிடம் காரணமும் இருக்காது, ஏனென்றால் எல்லாம்தான் நடந்துகொண்டிருக்கிறதே. அவர் உங்களுக்காக வாதாட வேண்டுமென்றால், அவர் கையில் எண்கள் இருக்க வேண்டும். அந்த எண்களை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

எல்லாக் கூடுதல் வேலையும் சுமை என்று நினைக்க வேண்டாம். சில வேலைகளை ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மேல்மட்டத்தில் முடிவெடுக்கிறவர்கள் முன்னால் உங்களை நிறுத்தும் வேலை, புதிதாக ஒன்றைக் கற்றுத்தரும் வேலை, உங்கள் மேனேஜர் இதுவரை தானே செய்துவந்த வேலை. கடைசியாகச் சொன்னது முக்கியம். தன் வேலையில் ஒரு துண்டை அவர் பிரித்துக் கொடுத்தால், பெரும்பாலும் அடுத்த பதவிக்கு உங்களைப் பழக்குகிறார் என்று அர்த்தம். அதற்காக உங்கள் பழைய வேலை ஒன்றை விட்டுக்கொடுக்கக்கூடத் தயாராக இருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன, யாராவது செய்தே ஆக வேண்டிய, ஆனால் அப்ரைசலில் ஒருவரும் கண்டுகொள்ளாத வேலைகள்: மீட்டிங் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு, புதிதாக வந்தவருக்கு லாகின் வாங்கித் தருவது. இவை யாரிடம் போய்ச் சேருகின்றன என்பதை லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லுண்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் சோதனைகள் வைத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வேலையைப் பெண்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்டால் பெண்கள் 76 சதவீதம் ஒத்துக்கொண்டார்கள், ஆண்கள் 51 சதவீதம். பெண்களின் இயல்பே அப்படி என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் அவர்களும் முன்வரத்தான் செய்தார்கள். பெண்கள் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு எல்லோர் மனதிலும் இருக்கிறது, அதுதான் வேலை செய்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏனென்றால் வேலை பிரிக்கிறவர் நினைத்தால் ஒரே நாளில் சரிசெய்யலாம். யார் செய்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, முறை வைத்தால் முடிந்தது. இப்படிப்பட்ட வேலை உங்களிடம் வந்து சேர்ந்தால், "இந்த மாசம் நான் பார்க்கறேன் மேடம், அடுத்த மாசத்துல இருந்து வரிசையா எல்லாரும் பார்க்கற மாதிரி ஒரு லிஸ்ட் போட்டுடலாமா?" என்று கேளுங்கள்.

நேராக மறுக்க வேண்டிய வேலைகளும் உண்டு. நீங்கள் சரிபார்க்காத கணக்கில் கையெழுத்து, பயிற்சி இல்லாத இயந்திரம், அடுத்தவர் பாஸ்வேர்டில் போய் அப்ரூவல் போடுவது. இங்கே பேரம் கிடையாது. "இதை நான் செய்ய முடியாது சார், எனக்கு இதுக்கு அதிகாரம் இல்ல" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே எழுத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால், உங்களுக்கு உண்மையான ஆபத்து இந்த மாத ரிப்போர்ட் இல்லை, அது உங்களிடமே தங்கிவிடுவது. "புதுசா ஆள் வர்ற வரைக்கும்" என்று கொடுத்த வேலை, ஆளே வராமல் நிரந்தரமாவது எல்லா அலுவலகத்திலும் நடப்பது. அதனால் ஒத்துக்கொள்ளும்போதே ஒரு முடிவுத் தேதி கேளுங்கள். ஆள் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. "மூணு மாசம் கழிச்சு இதைப் பத்தி மறுபடி உக்காந்து பேசலாம்" என்று ஒரு நாளைக் குறித்து, இரண்டு பேர் காலண்டரிலும் போட்டுவிடுங்கள்.

அந்த நாள் வரும்போது ஆளும் வராமல், வேலையும் உங்களிடமே இருந்தால் பேச்சு வேறு. அப்போது இது உங்கள் பதவியின் ஒரு பகுதி. பொறுப்புகளின் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்புறம் சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. பொறுப்பு எழுத்தில் ஏறாதவரை, சம்பளம் கேட்பது சலுகை கேட்பது போலத்தான் போய் விழும். அப்ரைசல் முடிந்த பிறகு கேட்டும் பயனில்லை. இன்க்ரிமென்ட் பட்ஜெட் பிரியும் முன்பே மேனேஜர் மேலிடத்தில் பேச வேண்டியிருக்கும், ஆகவே ஓரிரு மாதம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இத்தனை செய்தும் காதில் வாங்காத மேனேஜர் என்றால், நீங்கள் அனுப்பிய வரிசைகளும் தேதிகளும் உங்கள் மெயிலில் இருக்கும். அவற்றோடு ஹெச்ஆரிடமோ அவருக்கு மேலே இருப்பவரிடமோ போகலாம். அவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்காமல், வேலைக் கணக்கை வைத்துப் பேசுங்கள்.

இப்போதைக்கு அந்தக் கட்டம் வரவில்லை. மேனேஜரிடம் நேரில் பேசிவிட்டு, அன்று மாலைக்குள் நான் என்றால் இப்படி ஒரு மெயில் அனுப்புவேன். பெயர்களையும் தேதிகளையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"சார், இன்று பேசியதன் சுருக்கம். விற்பனை ரிப்போர்ட்டை இந்த மாதம் முதல் நான் தயாரிக்கிறேன். முக்கியமான இரண்டு பக்கங்கள் 5ஆம் தேதியும், மீதி 12ஆம் தேதியும் உங்களுக்கு வந்துவிடும். மாதத்தின் முதல் வாரத்தில் வாடிக்கையாளர் புகார்களை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னீர்கள், யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் அவருக்கு விவரம் சொல்லிவிடுவேன். மூன்று துறைகளுக்கும் உங்களிடமிருந்து ஒரு மெயில் போனால் கணக்குகளை நானே நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன், அதற்கான வரைவைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த ஏற்பாட்டை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று பேசினோம், அதற்கான மீட்டிங் அழைப்பை அனுப்பியிருக்கிறேன். ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்."